மிஞ்சின கோழிகள்

அவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு டேப் கேட்டு. தையல்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்தத் துணி டேப். ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையை மடக்கி வெளியே சாய்த்துவிட்டு, "டீச்சர், ரெண்டு நாள்லே திருப்பித் தந்திருவேன். என் டேப்பை எலி கடிச்சிட்டு," என்றார்.

நான் அப்போது தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அம்மாவும் நானும் மேலகரத்தில் குடியிருந்தோம். அவர் குற்றாலத்து மலையடிவாரத்தில் ஒரு மங்குஸ்தான் தோட்டத்துக்கு மேற்பார்வையாளர். எங்கள் தெரு வழியாகத்தான் சைக்கிளில் போவார், வருவார். அதுவரை பேசியதில்லை.

"என்ன தைக்கப் போறிய?" என்று அம்மா கேட்டாள்.

"தைக்கதுக்கு இல்லை ஆச்சி. கோழி அளக்கணும்."

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் ஒருமுறை, என்னிடம் ஒருமுறை தலையசைத்துவிட்டுப் போனார். சொன்ன நாளில் திருப்பித் தந்தார். துவைத்து, காயவைத்து, சோப்பு வாசத்தோடு.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு மடித்திருப்பார். பழகிய காலம் முழுக்க அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தோட்டத்தில் வேலை செய்தவர்களைக்கூட 'வாங்க', 'போங்க' என்றுதான் சொல்வார். கோழியைப் பிடிப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இடது உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, இரண்டு காலையும் விரலிடுக்கில் வாங்கித் தூக்குவார். கோழி கத்தாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அப்படியே கிடக்கும். "அண்ணாச்சிக்கு நல்ல கை," என்று தோட்டத்துப் பெண்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

டேப்பைத் தந்த அடுத்த வாரம் ஒரு இறகைக் கொண்டுவந்தார். காட்டுச் சேவலின் கழுத்து இறகு. கறுப்பு இறகின் நடுத்தண்டில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள். மெழுகு சொட்டிக் காய்ந்ததுபோல மினுங்கின. தடவினால் விரலில் வழுவழுவென்று தட்டுப்பட்டது.

"நீங்க பூ டிசைன் எல்லாம் கலர்ல வரைவியளாம். இதை வரைஞ்சு தர முடியுமா? போட்டோ எடுத்தா கறுப்பு வெள்ளைதானே. எனக்கு நெறம் வேணும்."

இப்படித்தான் நான் அவருடைய நோட்டுக்குப் படம் வரையத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். அவருடைய மனைவியை மதினி என்று கூப்பிடுவேன். மதினி அதிகம் பேசமாட்டாள். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசையாகக் கூண்டுகள். இடது பக்கம் காட்டுக்கோழி, வலது பக்கம் நாட்டுக்கோழி. மலையில் தேன் எடுக்கப் போகிறவர்கள் கொண்டுவந்து தரும் காட்டுக்கோழி முட்டைகளை வீட்டு அடைக்கோழிக்குக் கீழே வைத்துப் பொரிக்க வைத்திருந்தார். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து வரைவேன். காட்டுக்கோழிக்கு உடம்பு சின்னது, ஒடுங்கினது. பெட்டையின் நெஞ்சில் வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஓரம் கட்டியது மாதிரி இறகு. நூலில் அப்படிக் கட்ட எனக்கு ஒரு வாரம் ஆகும். சேவலுக்குச் சிவந்த கால், சின்னக் கொண்டை, தரையைப் பார்த்து வளைந்த வால். நாட்டுக்கோழி அகலமானது, தடித்த கால், ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இருக்காது. நாட்டுக் குஞ்சு கையை நீட்டினால் ஓடிவரும். காட்டுக்குஞ்சு அப்படியே உறைந்து நிற்கும். அது நிற்பதே நம் கண்ணுக்குத் தெரியாது.

"காட்டுக்கோழி வருசத்துக்கு ஒரு தடவைதான் டீச்சர். நாலு, அஞ்சு, மிஞ்சிப்போனா ஏழு முட்டை. நம்ம வீட்டுக்கோழி ஒரு அடைக்குப் பன்னெண்டு, பதினஞ்சு. வருசத்துலே மூணு அடை. ஆனா சீக்கு வந்துதுன்னா வீட்டுக்கோழி வரிசையா விழும். காட்டுலே எங்கயாவது செத்துக் கெடக்கதைப் பாத்திருக்கியளா? எனக்குக் காட்டுக்கோழி உடம்பு வேணும், நாட்டுக்கோழி வயிறு வேணும். ரெண்டும் ஒண்ணுலே வேணும்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கண் பளிச்சென்று இருக்கும். எனக்குப் பிடித்திருந்தது. ஊரில் மற்ற ஆண்கள் சீட்டு ஆடினார்கள், கட்சி பேசினார்கள். இவர் ஒருத்தர் ஒரு காரியத்தை நினைத்து வாழ்கிறாரே என்று மதிப்பாக இருந்தது.

கூண்டுக் காட்டுக்கோழிகள் ஆள் சத்தம் கேட்டால் மேலே எகிறி, கூரைக் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளும். ஒருநாள் அவர் சாக்கு கொண்டுவந்து, கம்பிக்கு அடியில் மெத்தென்று கூரை மாதிரி தைத்துத் தரச் சொன்னார். தைத்துக்கொண்டே, "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே அண்ணாச்சி. பாவம், மண்டை எல்லாம் ரத்தம்," என்றேன்.

"முட்டிச் சாகுதது சாகட்டும்னுதான் விட்டேன். ஏழுலே மூணு நின்னுட்டு. இந்த மூணுக்குத்தான் சாக்கு."

ஊசி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தைத்தேன். ஏழையும் மூன்றையும் அவர் சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை, கொடூரமும் இல்லை. கீரை ஆய்கிறவர்கள் பழுத்த இலையைப் பற்றிப் பேசுவார்களா?

இன்னொரு சனிக்கிழமை மதினியிடம் பேச்சுக்கு, "பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டேன். முற்றத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே பதில் சொன்னார்: "ரெண்டு. ரெண்டும் நல்ல உறுதி. மூத்தவன் திருச்சியிலே படிக்கான்."

நான் டம்ளரைக் கழுவிவைக்க அடுப்படிக்குப் போனபோது, மதினி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அஞ்சு பெத்தேன். மூணு போயிட்டு. அவிய அந்த மூணை எண்ணுதது கிடையாது. பேரைச் சொன்னாக்கூட, 'இருக்கதைப் பேசு'ம்பாவ."

பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கத்தை மறைக்க ஒவ்வொருத்தரும் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள், இவர் வழி இது என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களுக்கு நாமாகவே நல்ல காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம்.

காட்டுச் சேவலையும் நாட்டுக்கோழியையும் சேர்த்துக் கலப்புக் குஞ்சுகள் எடுத்தார். பார்க்க அழகாக இருந்தன. வளர்ந்த பிறகு பெட்டைகள் முட்டையிடவே யோசித்தன. இட்ட நாலைந்தும் கூமுட்டை. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மனம் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் கலப்புகளை எல்லாம் ஒரே நாளில் கறிக்குக் கொடுத்துவிட்டு, நோட்டில் ஒரு பக்கத்தைக் கோடு போட்டு முடித்தார்.

"காட்டுலேயிருந்து உறுதியைக் கொண்டாந்து சேக்க முடியாது போல டீச்சர். வீட்டுக்கோழிக்குள்ளயே அது எங்கயோ இருக்கும். கண்டுபிடிக்கணும். அதுக்கு நிறையக் கோழி பாக்கணும்."

ஆனால் சுற்றுப்பட்ட ஊர்களில் பெண்கள் ஒரு அந்நிய ஆணைக் கோழிக்கூட்டுப் பக்கம் விடுவார்களா? கண் பட்டுவிடும் என்று கூடையைப் போட்டு மூடிவிடுவார்கள். அவர் என்னிடம் கேட்டார். "உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியன்னா போதும். டீச்சர் சொன்னா வீட்டுலே கேப்பாங்க."

சொன்னேன். தையல் வகுப்பில், பிள்ளைகளுக்கு ஊசி கோக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டே, "கோழியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுத ஒருத்தர் வருவாரு. நல்லவரு. அளந்து பாக்க விடச் சொல்லுங்க," என்றேன். பதினைந்து இருபது வீட்டுக் கதவு அந்த ஒரு வார்த்தையில் திறந்தது.

அதில் ஒரு வீடு மைதீன்பாத்துவுடையது. என் மாணவி ஒருத்தியின் உம்மா. கணவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. முப்பதுக்கு மேல் கோழி வைத்திருந்தாள். சீசனில் குற்றாலத்துப் பங்களாக்களுக்கு முட்டை கொடுத்துத்தான் நாலு உயிர் சாப்பிட்டது. ஒவ்வொரு கோழிக்கும் பேர் வைத்திருந்தாள்.

அவர் போனார். ஒவ்வொன்றாக எடுத்தார், கால் அளந்தார், நெஞ்சு அளந்தார், தராசில் தொங்கவிட்டார். மைதீன்பாத்துவின் வளர்ப்பைப் புகழ்ந்தார். போகும்போது, தராசு கொண்டுவந்த கூடையைக் காட்டி, "கூடை கனமா இருக்கு. உங்க கோழிக்கூட்டுலே வச்சிட்டுப் போறேன். நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்," என்றார். மறுநாள் வந்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முதல் கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றியது. வெள்ளையாகக் கழிந்தது. பிறகு ஒரே நாளில் ஐந்து, மறுநாள் எட்டு. மைதீன்பாத்து பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து நின்றாள். மதிய மணி அடித்து நான் வெளியே வந்தபோது, முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அவரு கண்ணு பொல்லாத கண்ணு. எல்லாம் போவுது."

"கண்ணாவது ஒண்ணாவது. கோடையிலே கோழிச்சீக்கு எல்லா ஊர்லயும்தான் வருது. படிச்ச மனுசரைப் பத்தி அப்படிச் சொல்லக்கூடாது," என்றேன். கொஞ்சம் அதட்டியேதான் சொன்னேன்.

முப்பதில் நாலு நின்றது. அவர் போய்த் துக்கம் விசாரித்தார். அந்த நாலையும் அவள் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டார். சீக்கு வந்த வீட்டுக் கோழியை வேறு யார் வாங்குவார்கள்? மைதீன்பாத்து மறுபடி என்னிடம் வந்தாள். "நான்தான் தப்பா நெனச்சிட்டேன் டீச்சர். அவரு ஒருத்தருதான் வந்து கேட்டாரு," என்று கண்ணைத் துடைத்தாள்.

அந்த வாரம்தான் அவர் தம் நோட்டை எனக்குக் கொடுத்தனுப்பினார், புதுக்கோழிகளின் படத்தை இடம் விட்ட பக்கங்களில் வரைவதற்கு. நான் எதையும் தேடவில்லை. வெற்றுப் பக்கத்தைத் தேடிப் புரட்டியபோது எழுதிய பக்கம் வந்தது. மணியான கையெழுத்து. இடது ஓரத்தில் வீட்டு அடையாளம். அடுத்தாற்போல் கோழி எண்ணிக்கை. அதற்கடுத்த கட்டத்தில் சில வீடுகளுக்கு 'கூடை வைத்தது' என்றும், சில வீடுகளுக்கு 'கூடை வைக்கவில்லை' என்றும் இருந்தது. கடைசிக் கட்டத்தில், கூடை வைக்காத வீடுகளுக்கு எல்லாம் 'குறைவில்லை'. கூடை வைத்த வீடுகளுக்கு நேரே, மிஞ்சினது மூன்று, மிஞ்சினது நாலு, மிஞ்சினது ஒன்று, மிஞ்சினது இல்லை.

அந்தப் பக்கத்துத் தலையில் ஒரே வரி: 'தோட்டத்தில் சீக்கு கண்ட பெட்டையைக் கூடையில் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு அகற்றியது. கூடையைக் கழுவவில்லை.'

டேப்பைத் துவைத்துக் கொடுத்த மனிதர்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தோட்டத்துக்குப் போனேன். அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை நீட்டினேன்.

"ஆமா டீச்சர்," என்றார். "மறைக்கணும்னு நெனச்சா உங்ககிட்ட நோட்டைத் தருவேனா?"

"தெரிஞ்சே செஞ்சியளா?"

"சீக்கு எப்படியும் வரும். இந்த வருசம் இல்லைன்னா அடுத்த வருசம். நான் கொண்டு போகலைன்னா காக்கா கொண்டு போகும், யாவாரி கொண்டு போவான். சீக்கிரம் வந்தா, எது நிக்கும்னு சீக்கிரம் தெரியும்."

"மாட்டாஸ்பத்திரியிலே இதுக்கு ஊசி இருக்காமே!"

"இருக்கு. ஊசி போட்டா எல்லாம் நிக்கும். எல்லாம் நின்னா எது உறுதின்னு எப்படித் தெரியும்?"

"மைதீன்பாத்து வீட்டுலே நாலு வயிறு இருக்கு அண்ணாச்சி. என் பேரைச் சொல்லித்தானே உள்ளே போனிய?"

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நோட்டை வாங்கி, பின் அட்டையைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரு பட்டியல். "இந்தக் கோழிக வம்சத்துலே முதல் ஜோடி அந்த அம்மாவுக்குத்தான். எழுதி வச்சிருக்கேன், பாருங்க. எல்லாருக்கும் உண்டு." உண்மையிலேயே எழுதி வைத்திருந்தார். மைதீன்பாத்துவின் பேர்தான் முதலில். அதைப் பார்த்தபோதுதான் நான் பயந்தேன். பொய்யராக இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வாசல் நிலையில் மதினி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். "வெளியே சொன்னா முதல்லே என்ன கேப்பாங்க? 'கல்யாணம் ஆகாதவ, வாராவாரம் அந்தத் தோட்டத்துக்கு எதுக்குப் போனே'ன்னு கேப்பாங்க. நோட்டு முழுக்க உன் கை வரைஞ்சதுதான் இருக்கு. வேலைக்கு ஏதாவது ஆயிட்டா? வாயை மூடிட்டு இரி."

இருந்தேன். வகுப்பில் மட்டும், "வெளியாளு கூடையை யாரும் கோழிக்கூட்டுலே வைக்க விடாதிய," என்றேன். ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். சீக்கு வரும் என்றேன். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு முட்டைக்கோழிகளையும் கொண்டுபோய் மைதீன்பாத்துவிடம் கொடுத்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அல்லா உங்களுக்குக் குறை வைக்க மாட்டான்," என்றாள். அந்தக் கையை உருவிக்கொண்டு வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர் அதன்பிறகும் தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "சௌக்கியமா டீச்சர்?" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்கும் அவர் கோபப்பட்டதில்லை.

மறுகோடையில் சீக்கு தானாகவே வந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த உறுதியான கோழிகள் நின்றன. அவை பொரித்த குஞ்சுகள் நிற்கவில்லை. இரண்டு நாளில் குஞ்சுக் கூண்டு காலி. இடது வரிசையில் இருந்த காட்டுக்கோழிகளும் விழுந்தன. காட்டில் செத்துக் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் போலிருக்கிறது. பின் அட்டையில் இருந்த பட்டியலில் ஒருத்தருக்கும் ஒரு ஜோடிகூடப் போய்ச் சேரவில்லை.

தோட்டத்து முதலாளிக்கு மங்குஸ்தானைவிடக் கோழிக்கூண்டு அதிகமாகத் தெரிய ஆரம்பித்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரு மாட்டுவண்டியில் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு அவர் வடக்கே போனார். மதினி போகவில்லை. வண்டி எங்கள் தெரு முனையில் நின்றபோது நான் பார்த்தேன். "ஏறு," என்றார் அவர், அதே மெதுவான குரலில். "நான் வரலை. என் பிள்ளைங்க மூணும் இந்த மண்ணுலதான் கிடக்கு," என்றாள் மதினி. தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வண்டிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மதினி துணிமூட்டையோடு செங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊரை விட்டுப் போய்விட்டார், அத்தோடு சரி என்று நினைத்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் டீச்சர்கள் அறையில் சாப்பிடும்போது, சிவகிரியிலிருந்து புதிதாக வந்த கணக்கு டீச்சர் சொன்னாள்: "எங்க சித்தி ராயகிரிப் பக்கம் இருக்காங்க. அந்த ஊருக்கு ஒருத்தர் வந்திருக்காராம். வீடு வீடாப் போய்க் கோழியை டேப் வச்சு அளக்காராம். தங்கமான மனுசராம்!" எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்தேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

சித்தியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊர் சின்னது. தென்காசி டீச்சர், அக்கா மகளோடு வேலை பார்க்கிறவள் என்றதும் பாய் விரித்து உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்தாள் அந்த அம்மாள். கொல்லைப்பக்கம் கோழிக்கூடு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"எல்லாம் போன வாரம் போயிட்டு டீச்சர். இந்தத் தெருவிலே ஒன்பது வீட்டுலயும் அப்படித்தான். எங்க வீட்டுலே மிஞ்சினது ரெண்டே ரெண்டு. அந்த அண்ணாச்சிதான் வந்து நல்ல விலை குடுத்து வாங்கிட்டுப் போனாவ. அவியளை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, நோட்டு, கிணற்றடியில் அவர் சொன்னது, என் வகுப்பில் நான் சொன்னது, எதையும் விடவில்லை. அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் கணவர் பாதியிலேயே எழுந்து, பக்கத்து வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு, அவர் குடியிருந்த வீட்டுக்கு ஓடினார். பூட்டிக் கிடந்தது. முந்தாநாள் விடியற்காலம் கூண்டுகளோடு கிளம்பிவிட்டாராம். எந்தப் பாதை என்று பார்த்தவர் யாரும் இல்லை. அதன்பிறகு அவரைப் பற்றி நான் ஒன்றும் கேள்விப்படவில்லை.

நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பலேயிருந்து தெரியும்?"

"மூணு வருசமா."

அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். பாதிதான் குடித்திருந்தேன். உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

நான் பாயிலிருந்து எழுந்து பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, முதலிலிருந்து சொன்னேன். அடுத்த வீட்டில் சொன்னேன். ஒன்பது வீட்டிலும் சொன்னேன். ஒன்பது வீட்டிலும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.